கழிவுநீர்ச் சதுப்பில் வெள்ளம் நிற்கும்போது பறவை பார்ப்பது: இறங்கலாமா, கூடாதா?

கேள்வி இதுதான். சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கும் ஒரு சதுப்பு நிலம். மழையில் நிரம்பி வழிகிறது, கரையும் நடைபாதையும் பாதி மூழ்கிவிட்டன. ஆனால் பறவைகள் ஏராளம். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கலாமா? இவ்வளவு பறவை இருக்கிறதென்றால் தண்ணீர் அத்தனை மோசமாகவா இருக்கும்? ஓரத்தில் சில வாத்துகள் செத்துக் கிடக்கின்றன, என்ன செய்வது? கூட வர ஆசைப்படும் அப்பாவுக்குச் சர்க்கரை நோய், அழைத்துப் போகலாமா?

முதல் கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன்: போங்கள், ஆனால் தண்ணீரில் இறங்காதீர்கள். காய்ச்சல், பாம்பு என்று காரணம் அடுக்கினால் பறவை பார்க்கும் ஆசையில் இருப்பவர் காதில் ஏறாது, எனக்கே ஏறியதில்லை. ஆகவே வேறு காரணத்திலிருந்து தொடங்குகிறேன். இறங்கினால் உங்களுக்குப் பறவை குறைவாகத்தான் கிடைக்கும்.

நீர்ப்பறவைகள் ஒவ்வொன்றும் தன் கால் நீளத்துக்கும் அலகு நீளத்துக்கும் ஏற்ற ஆழத்தில்தான் மேயும். சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களில் சின்னவற்றுக்குச் சில சென்டிமீட்டர் தண்ணீர், அல்லது வெறும் ஈரச்சேறு போதும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் ஆழம் வரை நிற்கும். பெரிய கொக்கும் நாரையும் இன்னும் கொஞ்சம் தாங்கும். உங்கள் முழங்காலைத் தொடும் தண்ணீர் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெறும் குளம். அங்கே மிச்சம் இருப்பவை நீந்துகிறவையும் முக்குளிக்கிறவையும்தான்: வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம். தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஒரு மனிதர் வருவதைக் கண்டதும் அவையும் நீங்கள் இருநோக்கியை (பைனாகுலரை) தூக்குவதற்குள் எழும்பிப் போய்விடும்.

அப்படியானால் வெள்ள நாளில் உள்ளான்கள் எங்கே போகின்றன? தண்ணீரின் விளிம்போடு அவையும் நகர்கின்றன. நேற்று வரை புல்வெளியாக இருந்த இடத்தின் ஓரம், பாதி மூழ்கிய மண்பாதை, வயல் வரப்பு, காலி மனை, இவைதான் இப்போது அவற்றின் மேய்ச்சல் நிலம். மண்புழுவும் பூச்சியும் மூச்சு முட்டி மேலே வரும். எலியும் தவளையும் மேட்டில் ஒதுங்கும், அவற்றைத் தேடிச் சேற்றுப் பூனைப்பருந்து கரையை ஒட்டித் தாழப் பறக்கும். ஆக, உலர்ந்த மேட்டில் நின்று விளிம்பைப் பார்ப்பவருக்குத்தான் அன்றைய விருந்து.

இன்னொன்று. அவசரம் இல்லையென்றால் வெள்ளம் ஏறும் நாளை விட்டுவிட்டு, வடியும் நாட்களில் போங்கள். தண்ணீர் இறங்க இறங்க ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு வளையம் சேறு வெளியே தெரியும். அந்த வளையத்தில் உள்ளான்கள் வரிசைகட்டும். நடுவே தேங்கிய குட்டைகளில் மீன் சிக்கிக்கொள்ளும், அங்கே கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். நான் அதிக இனங்களைக் குறித்த நாட்கள் எல்லாமே வெள்ளம் வடிந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான்.

அடுத்த கேள்வி, பறவை இருந்தால் தண்ணீர் நல்லதுதானே என்பது. இது எல்லோருக்கும் வரும் சந்தேகம், உண்மை ஏறக்குறைய தலைகீழ். கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதி. அதில் பாசி கொழிக்கும், அழுகிய வண்டல் சேரும், வண்டலில் சிவப்புப் புழுக்கள் பெருகும். அவை கொசு மாதிரி இருக்கும் ஒரு வகை ஈயின் இளம்புழுக்கள். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். நெடுங்கால் உள்ளானுக்கும் தட்டைவாயன் வாத்துக்கும் இதைவிட நல்ல சாப்பாட்டுக் கடை கிடையாது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்தின் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் வெர்ரிபி குளங்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஓர் ஈரநிலத்தின் பகுதி. உலகெங்கிலுமிருந்து பறவை ஆர்வலர்கள் அங்கே போகிறார்கள். ஆனால் அனுமதி வாங்கித்தான் உள்ளே நுழைய முடியும். பறவைக்கு விருந்தான இடம் மனிதர் கால் நனைக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை.

பறவைக்கே அது விஷமாக இருக்கலாம் என்பதும் உண்டு. கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்துக்கு வயல்களிலிருந்து வடிகால் நீர் வந்துகொண்டிருந்தது, பறவைகளும் வந்து கூடு கட்டின. 1983-இல் ஆய்வாளர்கள் முட்டைகளைப் பார்த்தபோது கண்ணில்லாத, அலகு கோணலான குஞ்சுகள். வடிகால் நீரோடு வந்த செலினியம் என்ற தனிமம்தான் காரணம். வளர்ந்த பறவைகள் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தன என்பதை மட்டும் பார்த்திருந்தால் அந்த இடம் சொர்க்கமாகத்தான் தெரிந்திருக்கும்.

பறவை எண்ணிக்கையைவிட எந்தப் பறவை இருக்கிறது, எது இல்லை என்பது அதிகம் சொல்லும். நெடுங்கால் உள்ளான் கூட்டம் கூட்டமாக, மீன்கொத்தியும் ஆலாவும் முக்குளிப்பானும் ஒன்றுகூட இல்லை என்றால் அங்கே மீன் இல்லையோ, தண்ணீருக்குள் கண் தெரியாத அளவுக்குக் கலங்கலோ என்று சந்தேகப்படலாம். நத்தைகுத்தி நாரை நிறைய நின்றால் நத்தை நன்றாகப் பிழைக்கிறது. இது ஆய்வகச் சோதனைக்கு மாற்று ஆகாது. ஆனால் குறிப்பேட்டில் 'இல்லை' என்பதையும், அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதும் பழக்கம் வந்தால், இரண்டு மூன்று பருவங்களில் அந்தச் சதுப்பைப் பற்றி உங்களுக்கு மற்றவர்களைவிட நிறையத் தெரிந்திருக்கும்.

சரி, ஆபத்துகளுக்கு வருவோம். எல்லோரும் கிருமியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள், முதலில் கவிழ்ப்பது தரை. வேகமாக ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஒருவரைச் சாய்த்துவிடும். 30 சென்டிமீட்டர் ஓட்டம் சிறிய காரை நகர்த்தும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். சதுப்பில் தண்ணீர் அசையாமல் நிற்பது போலத் தெரியும். ஆனால் மதகு, குழாய்ப்பாலம், உடைப்பு, இவற்றின் அருகே அடியில் இழுப்பு இருக்கும். மேலே மிதக்கும் குப்பை எந்தப் பக்கம் நகர்கிறது என்று இரண்டு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆகாயத்தாமரை இன்னொரு பொறி. அதன் மேல் இலைக்கோழி நடக்கும், நீலத்தாழைக்கோழி நடக்கும், நமக்கும் தரை என்றே தோன்றும். ஒருமுறை நாணலுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கதிர்க்குருவியைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் ஒரு அடி எடுத்து வைத்தேன். தொடை வரை போய்விட்டது. பூட்ஸுக்குள் தண்ணீர் நிரம்பியதும் காலை இழுக்கவே முடியவில்லை. கூட வந்தவர் தொலைநோக்கியைத் தாங்கும் முக்காலியை (டிரைபாடை) நீட்டியதால் ஏறினேன். பூட்ஸ் பற்றிய உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். கரையில் நிற்கும்போது சேறு, முள், கண்ணாடித்துண்டு, இவற்றிடமிருந்து அது காப்பாற்றும். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போன நிமிடமே அது காலில் கட்டிய கல்.

சேற்றில் சிக்கினால் திமிறாதீர்கள். பின்பக்கம் சாய்ந்து உட்காருவது போல எடையைப் பரப்பி, ஒரு காலை மட்டும் மெல்ல ஆட்டி ஆட்டி அதைச் சுற்றித் தண்ணீர் இறங்கவிட்டு எடுக்க வேண்டும். ஊறிய மண்கரையில் விளிம்புக்கு இணையாகக் கோடு மாதிரி வெடிப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் நிற்கவே கூடாது. தண்ணீர் வேகமாக இறங்கும் நாட்களில்தான் கரை அதிகம் சரியும். வடியும் நாட்களில் போகச் சொன்னேன் அல்லவா, அதற்கான எச்சரிக்கை இது.

இனி கிருமி. முதலிடம் எலிக்காய்ச்சலுக்கு. எலி, பன்றி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி வெள்ள நீரிலும் ஈரமண்ணிலும் உயிரோடு இருக்கும். குடித்தால்தான் வரும் என்பதில்லை. கீறல் வழியாக, நீரில் ஊறி மெலிந்த தோல் வழியாக, கண், மூக்கு, வாய் வழியாக உள்ளே போய்விடும். 2000-இல் மலேசியாவின் சபாவில் நடந்த ஒரு சாகசப் போட்டியில் 304 பேர் கலந்துகொண்டார்கள். பிறகு தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு இந்த நோயின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதுதான் காரணமாகக் கண்டறியப்பட்டது. உடல்வாகு நன்றாக உள்ளவர்கள், ஆரோக்கியமானவர்கள்தான் அவர்கள்.

கண் வழியாக என்பதைப் பறவை பார்ப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். நம் கை சேற்றைத் தொடுகிறது, அதே கை இருநோக்கியைப் பிடிக்கிறது, இருநோக்கியின் ரப்பர் வளையம் நேராகக் கண்ணில் போய் ஒட்டுகிறது. ஒரு காலை நேரத்தில் இது நூறு தடவையாவது நடக்கும். கையுறை போட்டவர்களும் இதில் தப்புவதில்லை, கையுறையிலும் சேறு இருக்கும். அதனால் ஒரு கையை 'அழுக்குக் கை' என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலி, கம்பு, பூட்ஸ் எல்லாம் அந்தக் கையால். இருநோக்கியின் வளையத்தை இன்னொரு கை மட்டும் தொட வேண்டும். லென்ஸ் மூடி தண்ணீரில் விழுந்தால் விழுந்ததுதான், அதற்காகக் குனிந்து துழாவாதீர்கள். பையில் சோப்பும் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் இருக்கட்டும். சேறு படிந்த கையில் ஆல்கஹால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

காலில் புண், சிரங்கு, புதிதாக வெட்டிய நகக்கண் எதுவாக இருந்தாலும் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு பத்து வருடம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். அழுக்குக் காயம் பட்டால், ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே மறுபடி போடச் சொல்வார்கள். டாக்சிசைக்ளின் மாத்திரை முன்கூட்டியே எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். மீட்புப் பணி போலத் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டியவர்களுக்கு மருத்துவர் அதைப் பரிந்துரைப்பது உண்டு. கரையில் நின்று பறவை பார்க்க நாமாகக் கடையில் வாங்கி விழுங்க வேண்டியதில்லை.

எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தலைகாட்டும், ஒரு மாதம் வரையும் ஆகலாம். திடீர்க் காய்ச்சல், கடுமையான தலைவலி, கெண்டைக்கால் சதையில் தொட முடியாத வலி, கண் சிவத்தல். மருத்துவரிடம் போனால் 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லாமல், 'இத்தனை நாள் முன்பு கழிவு கலந்த வெள்ளநீர் மேலே பட்டது' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவர் வேறு பத்து காய்ச்சல்களைத் தேடிக்கொண்டிருப்பார். ஆரம்பத்திலேயே பிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் குணமாகும், விட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும்.

கொசுவையும் பறவையோடு சேர்த்தே பேச வேண்டும். ஆசியாவின் பல பகுதிகளில் உள்ள ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் கொக்கு, நாரை இனங்களிலும் பன்றிகளிலும் பெருகி, கியூலெக்ஸ் கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. அந்தக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்த பிறகும் விடியும் முன்பும். கொக்குகள் அடையும் மரத்தடியில் மாலையில் நின்று எண்ணுகிறவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் அங்கே இருப்பார்கள். முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, பரவியுள்ள பகுதியென்றால் தடுப்பூசி.

நாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழுகிய முட்டை வாசம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. திறந்த வெளியில் காற்றடிக்கும் கரையில் அது பெரும்பாலும் வெறும் தொல்லைதான். ஆனால் காற்றைவிடக் கனமானது, குழாய்ப்பாலத்தின் அடி, பம்பு குழி, மூடிய வாய்க்கால் போன்ற பள்ளங்களில் தேங்கும். அளவு பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் வாசமே தெரியாது. வாசம் போய்விட்டதே என்று நிம்மதியாகக் கூடாது. தலைவலியோ மயக்கமோ வந்தால் மேட்டுக்கு, காற்று வரும் திசைக்கு நடையைக் கட்டுங்கள். இந்த மாதிரிப் பள்ளத்தில் ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து விழுவார், உதவிக்கு ஆள் கூப்பிடுவதுதான் வழி.

தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடி உடைவது போலத் துண்டு துண்டாகப் பிரிந்தால் அது இரும்புப் பாக்டீரியாவின் வேலை, இயற்கை. சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். பச்சைப் பெயின்ட் கொட்டியது போல நுரை தெரிந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. நாயைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த மாதிரி இடத்தில் அதை அவிழ்த்துவிடவே கூடாது.

பாம்பு பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. வெள்ளத்தில் அவையும் நாம் நிற்கும் அதே மேட்டைத்தான் தேடி வரும், அது அவற்றின் தப்பு இல்லை. கம்பால் முன்னால் தட்டிக்கொண்டு நடங்கள், பார்க்காமல் உட்காராதீர்கள், கழற்றி வைத்த பையை உதறி எடுங்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் மருத்துவமனைக்கு. இடி கேட்டால் திறந்த கரையில் முக்காலியோடு நிற்காதீர்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்துத்தான் திரும்பப் போகலாம். அறுந்த மின்கம்பி தண்ணீரில் கிடந்தால் அந்தப் பக்கமே போகாமல் மின்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், செத்த வாத்துகள். தொடாதீர்கள், காலால் புரட்டியும் பார்க்காதீர்கள். காரணம் பல இருக்கலாம், முக்கியமானவை இரண்டு, வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்று பொட்டுலிசம். வெப்பமும் ஆக்சிஜன் இல்லாத அழுகலும் சேர்ந்த சேற்றில் ஒரு பாக்டீரியா நச்சை உண்டாக்கும். அதைத் தின்ற பறவைக்குக் கால் செயலிழக்கும், சிறகு தொங்கும், கடைசியில் கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். செத்த உடலில் வளரும் புழுவில் அந்த நச்சு சேரும், அந்தப் புழுவைத் தின்னும் அடுத்த பறவையும் சாகும். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் இப்படித்தான் செத்தன. இந்த வகை நச்சு மனிதரைத் தாக்குவது அரிது. இன்னொன்று எச்5என்1 பறவைக் காய்ச்சல். கழுத்து முறுக்கிக்கொள்வது, நிலைதடுமாறிச் சுற்றுவது, நடுக்கம், இவை அதன் அடையாளங்கள். அது மனிதருக்கும் ஆபத்து.

எதுவானாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தூரத்திலிருந்து படம், இனம், எண்ணிக்கை, இடம், நாள். வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ உடனே தகவல். பொட்டுலிசம் என்றால் உடல்களைச் சீக்கிரம் அகற்றுவதுதான் சங்கிலியை அறுக்கும் வழி, ஆகவே நீங்கள் அன்றைக்கே சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. செத்த பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையம் தெரிந்தால் ஜூம் செய்து எண்ணைப் படியுங்கள், எடுக்கப் போகாதீர்கள். வீட்டில் கோழி வளர்ப்பவரென்றால் அன்று போட்ட செருப்போடும் உடையோடும் கூண்டுப் பக்கம் போக வேண்டாம்.

திரும்பி வந்ததும் பூட்ஸை வெளியிலேயே கழுவி வெயிலில் காயவிடுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள், குளித்துவிடுங்கள். இருநோக்கி தண்ணீர் புகாத வகை என்றால் வளையத்தைச் சோப்பு நீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசலாம். சாதாரண வகை என்றால் ஈரத்துணி போதும். லென்ஸில் சேறு இருந்தால் முதலில் ஊதித் தள்ளுங்கள், காய்ந்த சேற்றோடு துடைத்தால் கீறல் விழும்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தத் தண்ணீர் இன்னும் கெட்டது. வெப்பமண்டலத்து ஈரமண்ணிலும் நீரிலும் இருக்கும், மெலியாய்டோசிஸ் என்ற தொற்றுநோயை உண்டாக்கும் கிருமி அவர்களைத்தான் அதிகமாகத் தாக்குகிறது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூட வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். அதற்காக அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி, உலர்ந்த ஒரு மேடோ பாலத்து ஓரமோ பார்த்து நாற்காலி போடுங்கள். முக்காலியில் தொலைநோக்கியை அவர் கண் மட்டத்துக்கு வைத்துக் கொடுங்கள், காலில் மூடிய செருப்பும் சாக்ஸும் இருக்கட்டும். நீங்கள் கரையில் அங்கும் இங்கும் அலைந்துவிட்டு வரும்போது பூனைப்பருந்தை அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார்.